வாரிசுச் சொத்து மதிப்பீடு

வாரிசுச் சொத்து மதிப்பீடு என்பது ஒருவர் இறந்த பின் அவர் விட்டுச் சென்ற நிலம், மனை, வீடு ஆகியவற்றின் பண மதிப்பைக் கணக்கிடும் நடைமுறை ஆகும். பாகப்பிரிவினை செய்வதற்கும், ஒரு வாரிசின் பங்கை மற்றொருவர் வாங்குவதற்கும், பிற்காலத்தில் விற்கும்போது வரி கணக்கிடுவதற்கும் இதுவே அடிப்படை. ஒரு நிலத்துக்கு ஒரே மதிப்புத்தான் உண்டு என்று பலரும் எண்ணுகின்றனர். உண்மையில் எந்த நாளில், எந்தத் தேவைக்காக மதிப்பிடப்படுகிறது என்பதைப் பொறுத்து அது மாறும். இந்த வேறுபாட்டை அறியாமல் பாகப்பிரிவினைப் பத்திரத்திலோ விடுதலைப் பத்திரத்திலோ கையெழுத்திடும் வாரிசு, தம் பங்கின் பெரும்பகுதியை இழக்க நேரிடலாம்.

அரியூர்ப் பகுதியின் நிலை

புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் வில்லியனூர் கொம்யூனில், விழுப்புரம்–புதுச்சேரி சாலையை ஒட்டி அமைந்த ஊர் அரியூர். சர்க்கரை ஆலையும் மருத்துவக் கல்லூரியும் இங்கு அமைந்தன. இத்தகைய ஊர்களில் சாலையோர நிலம் மனையாகவும் கடையாகவும் மாறக்கூடியது. அதற்குச் சில வயல்கள் தள்ளி உள்ள நிலமோ நெல், கரும்பு விளையும் நிலமாகவே இருக்கும். ஒரே தந்தையின் பெயரில் ஒரே ஊரில் உள்ள இரண்டு நிலங்களின் விலை பல மடங்கு வேறுபடுவது இதனால்தான். பரப்பைச் சமமாகப் பிரித்தால் பங்கு சமமாகிவிடாது.

மதிப்பீட்டுக்கு முன் செய்ய வேண்டியவை

முதலில் வாரிசுகள் யார் என்பது உறுதியாக வேண்டும். 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் 1963இல் புதுச்சேரிக்கு நீட்டிக்கப்பட்டது. அச்சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்த இந்து ஆணின் தனிச் சொத்தில் மனைவி, மகன், மகள், தாய் ஆகியோர் சம பங்கு பெறும் முதல் வகுப்பு வாரிசுகள் ஆவர். பூர்வீகக் கூட்டுக் குடும்பச் சொத்திலும் மகளுக்கு மகனுக்கு நிகரான உரிமையை 2005ஆம் ஆண்டுத் திருத்தம் வழங்கியது. திருத்தம் நடைமுறைக்கு வந்தபோது தந்தை உயிருடன் இருந்திருக்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020இல் தீர்ப்பளித்தது.

அடுத்து ஆவணங்களைத் திரட்ட வேண்டும். வாரிசுச் சான்றிதழ், தாய்ப் பத்திரம், பட்டா, நில அளவை வரைபடம், வில்லங்கச் சான்று ஆகியவை தேவை. வங்கிக் கடன், கூட்டுறவுச் சங்கக் கடன் போன்றவை இருந்தால் அவற்றைக் கழித்த பின் எஞ்சுவதே பங்கிடத்தக்க மதிப்பு.

அளவிலும் கவனம் வேண்டும். புதுச்சேரி நில ஆவணங்களில் பிரெஞ்சு ஆட்சிக் காலத்திலிருந்து ஹெக்டேர், ஆர், சென்டியார் ஆகிய அளவுகள் வழங்கி வருகின்றன. ஓர் ஆர் என்பது 100 சதுர மீட்டர், அதாவது ஏறக்குறைய 2.47 சென்ட். பேச்சு வழக்கில் உள்ள ‘குழி’ ஊருக்கு ஊர் மாறக்கூடியது. ஆகவே விலை பேசும் முன் அனைத்தையும் ஒரே அளவுக்கு மாற்றிக்கொள்வது நல்லது.

வழிகாட்டி மதிப்பும் சந்தை மதிப்பும்

முத்திரைத் தீர்வை வசூலிப்பதற்காக அரசு நிர்ணயிப்பது வழிகாட்டி மதிப்பு. நிலத்தில் நல்ல கிணறு உள்ளதா, வண்டி செல்ல வழி உள்ளதா, குத்தகைதாரர் இருக்கிறாரா என்பவற்றை அது தனித்தனியே பார்ப்பதில்லை. விருப்பமுள்ள ஒருவர் விற்க, விருப்பமுள்ள ஒருவர் வாங்கும்போது கிடைக்கக்கூடிய விலையே சந்தை மதிப்பு. இதைக் கணக்கிட மூன்று முறைகள் உள்ளன.

ஒப்பீட்டு முறை: அருகில் அண்மையில் விற்ற, ஒத்த தன்மையுள்ள நிலங்களின் விலையை எடுத்து, சாலை முகப்பு, நீர், பரப்பு ஆகிய வேறுபாடுகளுக்கு ஏற்பக் கூட்டியும் குறைத்தும் கணக்கிடுவது. பத்திரத்தில் எழுதிய விலை உண்மையில் கைமாறிய தொகையைக் காட்டாமல் இருப்பதும் உண்டு. ஆகவே ஒரே பத்திரத்தை நம்பாமல் பல விற்பனைகளைப் பார்க்க வேண்டும்.

வருமான முறை: வாடகை அல்லது குத்தகை வருமானத்தைக் கொண்டு மதிப்பிடுவது. கடைகளுக்கு ஏற்றது.

கட்டுமானச் செலவு முறை: அதே கட்டடத்தை இன்று கட்ட ஆகும் செலவில் தேய்மானத்தைக் கழித்து, அதனுடன் மனையின் விலையைச் சேர்ப்பது. பழைய வீடுகளுக்கு ஏற்றது.

ஓர் எடுத்துக்காட்டு

ஒரு தந்தை மூன்று பிள்ளைகளுக்கு 10 ஆர் சாலையோர நிலம், 30 ஆர் உள்வயல், ஓர் ஓட்டு வீடு ஆகியவற்றை விட்டுச் சென்றதாகக் கொள்வோம். எண்கள் யாவும் கற்பனை. வழிகாட்டி மதிப்பில் சாலையோர நிலம் ஆருக்கு 1,20,000 ரூபாய், உள்வயல் ஆருக்கு 40,000 ரூபாய், வீடு 12 லட்சம் ரூபாய் எனில், மூன்று பங்கும் தலா 12 லட்சம் ஆகின்றன. பிரிவினை நியாயமானதாகத் தோன்றும்.

சந்தையில் சாலையோர நிலம் ஆருக்கு 3 லட்சம், உள்வயல் ஆருக்கு 60,000, வீடு 12 லட்சம் என்றால், பங்குகள் முறையே 30 லட்சம், 18 லட்சம், 12 லட்சம் ஆகின்றன. மொத்தம் 60 லட்சம், ஒருவருக்கு உரியது 20 லட்சம். சாலையோர நிலத்தைப் பெறுபவர் உள்வயல் பெறுபவருக்கு 2 லட்சமும் வீடு பெறுபவருக்கு 8 லட்சமும் கொடுத்தால்தான் கணக்கு நேராகும். வழிகாட்டி மதிப்பை மட்டும் பார்த்து வீட்டை ஏற்றுக்கொண்ட மகள், தமக்கு உரியதில் 40 விழுக்காட்டை இழந்திருப்பார்.

பிரெஞ்சுச் சட்டத்தில் மதிப்பீடு

1804ஆம் ஆண்டின் பிரெஞ்சு உரிமையியல் சட்டத் தொகுப்பு 1819இல் புதுச்சேரியில் நடைமுறைக்கு வந்தது. 1881ஆம் ஆண்டு ஆணைப்படி தங்கள் சமயவழிச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றவர்களும் அவர்களின் வழித்தோன்றல்களும் இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்கு உட்படுவதில்லை. அத்தொகுப்பு இந்தச் சிக்கலை நேரடியாகவே கையாள்கிறது. வாரிசுகள் தேர்ந்தெடுக்கும் வல்லுநர்கள் அசையாச் சொத்தை மதிப்பிட வேண்டும். மதிப்பின் அடிப்படை என்ன, சொத்தை வசதியாகப் பிரிக்க இயலுமா என்பவற்றை அறிக்கையில் எழுத வேண்டும். பங்குகளின் ஏற்றத்தாழ்வைப் பணத்தால் சரிசெய்ய வேண்டும். ஒரு வாரிசுக்கு நான்கில் ஒரு பங்குக்கு மேல் இழப்பு ஏற்பட்டிருந்தால் பிரிவினையையே நீக்கக் கோரலாம். இழப்பைக் கணக்கிட இறந்த நாளின் மதிப்பை அன்றிப் பிரிவினை நாளின் மதிப்பையே எடுக்க வேண்டும். மேலே கண்ட எடுத்துக்காட்டின் இழப்பு இந்த வரம்பைத் தாண்டியது.

வரியும் மதிப்பும்

இந்தியாவில் இறப்புச் சொத்து வரி 1985இல் நீக்கப்பட்டது. ஆகவே வாரிசாகப் பெறுவதற்கு மட்டும் வரி இல்லை. ஆனால் பின்னர் விற்றால் மூலதன ஆதாய வரி உண்டு. அப்போது முன்னவர் வாங்கிய விலையே வாரிசின் வாங்கிய விலையாகக் கொள்ளப்படும். அவர் 2001 ஏப்ரல் 1க்கு முன் வாங்கியிருந்தால் அந்நாளின் சந்தை மதிப்பைப் பயன்படுத்தலாம். நிலம், கட்டடத்துக்கு அது அந்நாளின் முத்திரைத் தீர்வை மதிப்பைத் தாண்டக் கூடாது. இதற்குப் பதிவு பெற்ற மதிப்பீட்டாளரின் அறிக்கை உதவும். சட்டம் வரையறுக்கும் ஊரக வேளாண் நிலத்துக்கு இவ்வரி இல்லை. எல்லை, அருகிலுள்ள நகராட்சியின் மக்கள்தொகையைப் பொறுத்து 2, 6 அல்லது 8 கிலோமீட்டர் என நேர்கோட்டில் அளக்கப்படும்.

வாரிசுகளில் ஒருவர் பிரான்சில் வாழ்வது புதுச்சேரிக் குடும்பங்களில் இயல்பு. கடந்த பத்து ஆண்டுகளில் குறைந்தது ஆறு ஆண்டுகள் அங்கு வசித்தவர், வெளிநாட்டில் வாரிசாகப் பெற்ற சொத்துக்கும் அந்நாட்டு வாரிசுரிமை வரிக்கு உட்படுவார். அதற்கு இறந்த நாளின் மதிப்பு வேண்டும்.

உடன்பாடு ஏற்படாதபோது

இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, முதல் வகுப்பு வாரிசு ஒருவர் தம் பங்கை விற்க முன்வந்தால் மற்ற வாரிசுகளுக்கு வாங்கும் முன்னுரிமை உண்டு. விலையில் உடன்பாடு இல்லையெனில் நீதிமன்றம் அதை நிர்ணயிக்கும். வேளாண் நிலத்துக்கும் இது பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2019இல் கூறியது. வழக்கு பல ஆண்டுகள் நீளக்கூடும். பிரிவினைக்கு முன்பே அனைவரும் ஏற்கும் ஒரு மதிப்பீட்டாளரை அமர்த்தி, அறிக்கையின் படியை ஒவ்வொரு வாரிசுக்கும் கொடுத்து, படித்துப் பார்க்க நேரம் தந்து, பிறகு பத்திரத்தைப் பதிவு செய்வதே செலவு குறைந்த வழி.