10 டாலர்னு அச்சு.. ஆனா விலை அது இல்ல! கேசினோ வெள்ளி டோக்கன் ஏலத்தில் கவனிக்க வேண்டியது என்ன?

அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் கேசினோக்களில் ஸ்லாட் மெஷினில் ஜெயித்தவர்களுக்குக் கிடைத்த வெள்ளி டோக்கன்கள், இப்போது இபே போன்ற ஆன்லைன் ஏலத் தளங்களில் கைமாறுகின்றன. சேகரிப்பாளர்கள் இவற்றை ‘சில்வர் ஸ்ட்ரைக்’ என்கிறார்கள். இதில் விலை தெரியாமல் இறங்கினால் வாங்குபவருக்கும் நஷ்டம், விற்பவருக்கும் நஷ்டம்.

எப்படி வந்தது இந்த டோக்கன்?

நெவாடா கேசினோக்களில் முதலில் புழங்கியது நிஜ வெள்ளி டாலர். 1964-ல் அதற்குத் தட்டுப்பாடு வரவே, அடுத்த ஆண்டு முதல் சாதாரண உலோக டோக்கன்கள் வந்தன. 1992-ல் ‘ஃபோர் குயின்ஸ்’ கேசினோ வெள்ளி டோக்கனை அறிமுகம் செய்தது. மெஷினில் குறிப்பிட்ட சின்னங்கள் வரிசையாக விழுந்தால், பிளாஸ்டிக் உறையோடு டோக்கன் வெளியே வரும்.

ஒரே டோக்கன், மூணு விலை!

முதலாவது, அச்சு விலை. பெரும்பாலும் 10 டாலர். கேசினோ மூடிவிட்டால் இந்த மதிப்பு போச்சு. உதாரணம், 2006-ல் மூடப்பட்ட ‘ஸ்டார்டஸ்ட்’.

இரண்டாவது, வெள்ளி விலை. நடுப்பகுதி மட்டும்தான் 99.9 சதவீத வெள்ளி. சுற்றி இருப்பது பித்தளை வளையம். 10 டாலர் டோக்கனில் வெள்ளி சுமார் 0.6 டிராய் அவுன்ஸ், அதாவது 18.7 கிராம். ஒரு அவுன்ஸ் 30 டாலர் என வைத்துக்கொண்டால், வெள்ளி மட்டுமே 18 டாலர். மொத்த எடைக்கும் வெள்ளி விலை போட்டால் கணக்கு தப்பிவிடும்.

மூன்றாவது, சேகரிப்பு விலை. அபூர்வ வடிவம், மூடப்பட்ட கேசினோ, கீறல் இல்லாத நிலை ஆகியவை விலையை ஏற்றும்.

வாங்குறவங்க கவனிக்க..

* விற்பவர் கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள். ‘விற்றவை’ பட்டியலில் அதே டோக்கன் என்ன விலைக்குப் போனது என்று பாருங்கள்.
* ‘.999 ஃபைன் சில்வர்’ முத்திரை தெரியும்படி இருபக்கப் படமும் கேளுங்கள். வெள்ளியே இல்லாத டோக்கன்களும் சந்தையில் உண்டு.
* தபால் செலவையும் சேர்த்து உச்ச விலையை முடிவு செய்து பதியுங்கள். போட்டி வந்தால், அந்த வரம்புக்குள் தளமே படிப்படியாக ஏற்றும்.
* கடைசி நொடிகளில் விலை எகிறும். அந்த வேகத்தில் வரம்பைத் தாண்டாதீர்கள்.

விற்குறவங்க கவனிக்க..

பளபளப்பாக்க பாலிஷ் போட வேண்டாம், சேகரிப்பு மதிப்பு குறையும். உறையையும் தூக்கிப் போடாதீர்கள். ஆரம்ப விலையை வெள்ளி விலைக்குக் கீழே வைத்தால், ஒரே ஒருவர் கேட்டாலும் அந்த விலைக்கே கொடுக்க வேண்டி வரும். தளத்தின் கமிஷனையும் கழித்துப் பார்த்துவிட்டு ஏலத்தைத் தொடங்குவது நல்லது.