கான்கிரீட் லாரியைக் கழுவிய தண்ணீர் எங்கே போகிறது, தெரியுமா?

ரெடிமிக்ஸ் லாரி கான்கிரீட்டைக் கொட்டிவிட்டுக் கிளம்புகிறது. வேலை முடிந்தது என்றுதானே நினைக்கிறோம்? அமெரிக்காவில் அந்த நிமிடத்தில்தான் இன்னொரு தொழிலே தொடங்குகிறது! லாரியின் பின்பக்கம் தொங்கும் சரிவுத் தகடு இருக்கிறதே, அதற்குச் சூட் என்று பெயர். அதை உடனே கழுவியாக வேண்டும். விட்டால் ஒட்டியிருப்பது கல்லாகிவிடும். ஒரு சூட்டைக் கழுவச் சராசரியாக 7 கேலன், அதாவது ஏறக்குறைய 26 லிட்டர் தண்ணீர் செலவாகும் என்று அந்த நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை கணக்குச் சொல்கிறது. மாடிக்குக் கான்கிரீட் ஏற்றும் பம்ப் லாரியில் கான்கிரீட்டைக் கொட்டும் தொட்டியான ஹாப்பரைக் கழுவவோ 50 கேலன்! 1,000 கன கஜம் கான்கிரீட் போடும் ஒரு தளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். லாரிக்கு 10 கன கஜம் என்றால் 100 லாரி. சூட் கழுவியதில் மட்டும் 700 கேலன், கிட்டத்தட்ட 2,650 லிட்டர் பால்வெள்ளைத் தண்ணீர் நிற்கும்.

அதைத் தெருவோரச் சாக்கடையில் விடக்கூடாதா? கூடவே கூடாது! 1972-இல் வந்த தூய நீர்ச் சட்டத்தின் கீழ் 2009-இல் வகுத்த கட்டுமான விதிகள், முறையான ஏற்பாடு இல்லாமல் கான்கிரீட் கழுவிய நீரை வெளியே விடுவதை நேரடியாகவே தடை செய்கின்றன. இப்படிப்பட்ட தடைகளை நம்பித்தான் நிற்கிறது 'வாஷவுட்' தொழில். ஒழுகாத இரும்புத் தொட்டியைக் கொண்டுவந்து வைப்பார்கள். லாரிக்காரர்கள் அதற்குள் கழுவுவார்கள். நிரம்பியதும் வந்து எடுத்துப்போவார்கள். இவ்வளவுதான் தொழில் என்று தோன்றும். ஆனால் தொட்டியில் இருக்கிற கல்லும் மணலும் ஒரு தொல்லையே இல்லை. அது தானே இறுகி, தானே சும்மா கிடக்கும். அத்தனை தலைவலியும் மேலே நிற்கிற தண்ணீரால்தான்!

அந்தத் தண்ணீரில் அப்படி என்ன இருக்கிறது தெரியுமா? சிமெண்ட் தண்ணீரோடு சேரும்போது சுண்ணாம்பு, வேதியியல் பெயரில் கால்சியம் ஹைட்ராக்சைடு, பிரிந்து வரும். அதனால் கழுவிய நீரின் பி.எச். அளவு 12-ஐத் தொடும். நல்ல தண்ணீருக்கு 7. வித்தியாசம் வெறும் ஐந்துதானே என்கிறீர்களா? பி.எச். அளவுகோலில் ஒவ்வொரு படியும் பத்து மடங்கு. ஐந்து படி என்றால் காரத்தன்மை ஒரு லட்சம் மடங்கு! அடைத்துக்கொண்ட கழிவுநீர்க் குழாயில் ஊற்றுகிற டிரேனோ திரவத்தின் பி.எச். 13.5. அதற்கு எட்டிப்பிடிக்கும் தூரத்தில் நிற்கிறது இந்தப் பால்நீர். நன்னீர் உயிரினங்களுக்கு ஏற்ற எல்லை 6.5 முதல் 9 வரைதான். அதைத் தாண்டினால் மீனின் செவுளும் கண்ணும் பாதிக்கப்படும். அது மட்டுமா? ஓடை நீரில் ஆபத்தில்லாமல் கிடக்கிற அம்மோனியம், காரம் ஏறியதும் நஞ்சான அம்மோனியாவாக மாறிவிடும். ஊற்றியது ஒரு விஷம், கிளம்புவது இரண்டு!

இன்னும் பயங்கரம் ஒன்று: ஈரச் சிமெண்ட் தோலைச் சுடும்போது முதலில் வலிக்காது! முழங்கால் ஊன்றி வேலை செய்கிறவருக்கு ஒன்றும் தெரியாது. பல மணி நேரம் கழித்துப் பார்த்தால் தோல் வெந்திருக்கும்.

சுண்ணாம்பின் இன்னொரு விந்தையைக் கேளுங்கள். சர்க்கரை வெந்நீரில் அதிகம் கரையும், குளிர்ந்த நீரில் குறைவாகக் கரையும், இல்லையா? சுண்ணாம்பு நேர் எதிர். குளிரக் குளிர அதிகம் கரையும், பி.எச்.சும் ஏறும். 25 டிகிரி செல்சியஸில் தெளிந்த சுண்ணாம்பு நீரின் பி.எச். ஏறக்குறைய 12.45. 20 டிகிரியில் 12.6-ஐத் தாண்டும். இதில் என்ன பெரிய சமாச்சாரம்? அமெரிக்கச் சட்டப்படி 12.5 பி.எச். எட்டிய திரவக் கழிவு 'அரிக்கும் அபாயக் கழிவு' என்ற பட்டியலில் விழுந்துவிடும்! ஒரு மயிரிழை இந்தப் பக்கம் சாதாரணக் கழிவு, அந்தப் பக்கம் அபாயக் கழிவு. சிமெண்டில் இருக்கும் சோடியமும் பொட்டாசியமும் சேர்ந்துகொண்டால் அந்த மயிரிழையும் அறுந்துவிடும். ஆகவே இந்தத் தொழிலில் பி.எச். மீட்டர் இல்லாமல் தொட்டியைத் தொடுவது புத்திசாலித்தனம் இல்லை.

சரி, தொட்டியை அப்படியே தூக்கிக்கொண்டு போய்க் குப்பைக் கிடங்கில் கவிழ்த்தால்? அங்கே காத்திருக்கிறது உலகின் மிக எளிய சோதனை! பெயிண்ட் வடிகட்டுகிற கூம்புச் சல்லடை ஒன்று, 60-ஆம் எண் வலை. அதில் 100 கிராம் கழிவைப் போட்டு ஐந்து நிமிடம் பார்ப்பார்கள். ஒரு சொட்டு கீழே விழுந்தால் போச்சு. அது 'திரவக் கழிவு', நகராட்சிக் கிடங்கில் இடமில்லை. பல லட்சம் ரூபாய் பெறும் இயந்திரங்களும் பெரிய பெரிய லாரிகளும் ஓடுகிற தொழிலில், தீர்ப்புச் சொல்வது ஒரு பெயிண்ட் வடிகட்டி!

போதாக்குறைக்கு மழை. 20 அடி நீளம், 8 அடி அகலம் உள்ள திறந்த தொட்டியில் ஓர் அங்குல மழை பெய்தால் 100 கேலன் தண்ணீர் சேரும். எடை 375 கிலோவுக்கு மேல். பெய்தது சுத்தமான மழைநீர்தான். தொட்டியில் விழுந்த நொடியில் அதுவும் காரநீர். இரவு பெய்த மழைக்குக் காலையில் பணம் கட்டித் தண்ணீரை அகற்ற வேண்டிய நிலை வாடிக்கையாளருக்கு. வாஷவுட்காரருக்கு மழை ஒரு வரவு!

இங்கேதான் நம் கதாநாயகன் வருகிறான்: இழுத்துச் செல்லக்கூடிய வேக்குவம் இயந்திரம். ஒரு எஞ்சின், ஒரு காற்றுப் பம்ப், ஒரு உருளைத் தொட்டி, தடித்த ஹோஸ். சின்ன டிரெய்லரிலோ பிக்கப் வண்டியிலோ ஏற்றிவிடலாம். ஆயிரக்கணக்கான கேலன் கொள்ளும் பெரிய வேக்குவம் லாரி நுழைய முடியாத அடித்தள வாகன நிறுத்தம், வீட்டுக் கொல்லை, குறுகலான சந்து எல்லாவற்றிலும் இது போகும். மேலே நிற்கும் நீரை உறிஞ்சிவிட்டால் மிச்சம் கெட்டிக் கல், கிடங்குக்கோ அரவை ஆலைக்கோ பேச்சில்லாமல் போகும். சின்னது என்று நினைத்துவிடாதீர்கள்! 500 கேலன் தண்ணீரின் எடையே 1.9 டன். சிமெண்ட் கலந்த குழம்பு, அதாவது ஸ்லரி, என்றால் இன்னும் கூடும். தொட்டியில் இடம் இருந்தாலும், இழுக்கிற வண்டியின் தாங்குசக்தி தீர்ந்துவிடும்.

'உறிஞ்சுவது' என்கிறோமே, அந்த இயந்திரம் எதையும் உறிஞ்சுவதே இல்லை, தெரியுமா? இளநீரில் ஸ்ட்ரா போட்டுக் குடிக்கும்போது நாம் செய்வதும் அதுதான்: குழாய்க்குள் இருக்கும் காற்றைக் குறைக்கிறோம், அவ்வளவே. மேலே தள்ளுவது வெளியே இருக்கும் காற்றின் எடை! ஆகவே எவ்வளவு பெரிய எஞ்சின் வைத்தாலும், கடல் மட்டத்தில் முழு நீரை 10.3 மீட்டருக்கு மேல் ஏற்ற முடியாது. கிணற்றுப் பம்புகள் ஒரு அளவுக்கு மேல் தண்ணீரைத் தூக்க மறுப்பதை 1638-இல் வெளிவந்த நூலில் கலிலியோவே எழுதி வைத்தார். காரணத்தைக் கண்டவர் அவருக்குப் பின் வந்த டாரிசெல்லி. 1643-இல் பாதரசக் குழாயைக் கவிழ்த்து, காற்றின் எடை 76 சென்டிமீட்டர் பாதரசத்தைத்தான் தாங்கும் என்று காட்டினார். அன்று இத்தாலியில் கண்ட கணக்கு இன்று டெக்ஸாஸ் கட்டுமானத் தளத்து டிரெய்லரில் ஓடுகிறது!

ஸ்லரி நீரைவிட ஒன்றரை மடங்கு கனமாக இருந்தால் 10.3 மீட்டர் 6.9 மீட்டராகச் சுருங்கும். அதுவும் ஏட்டுக் கணக்கு, நடைமுறையில் இன்னும் குறையும். கடல் மட்டத்திலிருந்து ஒரு மைல் உயரத்தில் இருக்கும் டென்வர் நகரத்துக்குப் போனால் காற்றே மெலிந்துவிடும். அங்கே சுத்த நீருக்கே எல்லை சுமார் 8.5 மீட்டர். அதே இயந்திரம், அதே எஞ்சின், அதே ஆள்!

அப்படியானால் ஆழமான பள்ளங்களிலிருந்து எப்படி இழுக்கிறார்கள்? இதுதான் எனக்குப் பிடித்த தந்திரம். ஹோஸின் வாயை முழுக்க மூழ்கடிக்காமல், பாதி நீரும் பாதி காற்றுமாக விழுங்க விடுவார்கள். காற்று வேகமாக ஓட, அதோடு துளித்துளியாக ஸ்லரி பறந்து வரும். முழுத் தூணாகத் தூக்கினால்தான் 10.3 மீட்டர் சட்டம். துளிகளாகப் பறக்க விட்டால் சட்டம் வாயடைத்து நிற்கும்! இதற்குக் காற்று ஏராளமாக ஓட வேண்டும். அங்கே கைகொடுப்பது 'ரூட்ஸ் புளோயர்'.

இந்த ரூட்ஸ் வேர் அல்ல, இரண்டு சகோதரர்களின் குடும்பப் பெயர். இண்டியானா மாநிலத்தின் கானர்ஸ்வில் ஊரில் கம்பளி ஆலை நடத்திய ஃபிலாண்டர், ஃபிரான்சிஸ் ரூட்ஸ் இருவரும் நல்லதொரு நீர்ச்சக்கரம் செய்யத்தான் முயன்றார்கள். மர இதழ்கள் நனைந்து ஊதி இறுகிக்கொண்டன. வெளியே எடுத்துச் சுழற்றிப் பார்த்தபோது அது காற்றை வாரி அடித்தது என்று கதை சொல்வார்கள். நீர்ச்சக்கரமாகத் தோற்றது, 1860-இல் காற்றுப் பம்பாகக் காப்புரிமை வாங்கியது! 1870-இல் நியூயார்க்கின் பிராட்வே தெருவுக்கு அடியில் ஆல்ஃபிரட் பீச் ஒரு சுரங்க ரயில் விட்டார். ஏறக்குறைய 95 மீட்டர் நீளம், ஒரே ஒரு பெட்டி. அந்தப் பெட்டியை ஊதித் தள்ளியதும் திரும்ப இழுத்ததும் ராட்சத ரூட்ஸ் புளோயர்தான். மனிதர்களையே இழுத்த இயந்திரக் குடும்பம் இன்று சிமெண்ட் தண்ணீர் இழுக்கிறது.

'இழுத்துச் செல்லும் வேக்குவம்' புதுசு என்றும் நினைக்க வேண்டாம். 1901-இல் லண்டனில் ஹியூபர்ட் செசில் பூத் செய்த இயந்திரம் குதிரை வண்டியில்தான் வந்தது! தெருவில் நிறுத்திவிட்டு, ஜன்னல் வழியாக நீண்ட ஹோஸை உள்ளே விட்டுத் தரைவிரிப்பைச் சுத்தம் செய்வார்கள். 1902-இல் ஏழாம் எட்வர்டின் முடிசூட்டு விழாவுக்காக வெஸ்ட்மின்ஸ்டர் அபேயின் விரிப்புகளையும் அதுதான் சுத்தம் செய்தது.

வேக்குவம் தொட்டி ஏன் எப்போதும் உருளையாகவே இருக்கிறது? உள்ளே காற்றில் பத்தில் ஒன்பது பங்கை எடுத்துவிட்டால், வெளிக்காற்று ஒவ்வொரு சதுர மீட்டரையும் 9 டன்னுக்கு மேல் அழுத்தும். தட்டைச் சுவர் என்றால் உள்ளே நசுங்கிவிடும்!

தொட்டிக்குள் ஒரு பந்து மிதக்கும், அதையும் பாருங்கள். நீர் மட்டம் உயர்ந்தால் பந்தும் உயர்ந்து பம்புக்குப் போகும் வழியை அடைத்துவிடும். இல்லாவிட்டால் ஸ்லரி பம்புக்குள் நுழையும். சிமெண்ட் தண்ணீருக்குள்ளேயே இறுகும் சரக்கு, உலரவேண்டிய அவசியமே இல்லை! பம்பிலோ தொட்டியிலோ ஒரு ராத்திரி விட்டால் மறுநாள் உளியோடுதான் பேச வேண்டும். அதனால்தான் நல்ல தொட்டிகளின் பின்கதவு முழுசாகத் திறக்கும், தொட்டியே சாயும், வேலை முடிந்ததும் ஹோஸைக் கழுவாமல் யாரும் வீட்டுக்குப் போவதில்லை.

அவசரத்துக்கு ஒரு வைத்தியம் உண்டு: சர்க்கரை! ஆமாம், காப்பியில் போடும் அதே சர்க்கரை. சிமெண்ட் எடையில் ஆயிரத்தில் ஒரு பங்கு கலந்தாலே இறுகுவது பல மணி நேரம் தள்ளிப்போகும். லாரி வழியில் பழுதாகி, கான்கிரீட் சுழலும் டிரம் கல்லாகிவிடும் என்ற பயம் வந்தால் சர்க்கரை மூட்டையைத் தேடி ஓடுவது இந்தத் தொழிலில் பழைய வழக்கம். (நம் ஊர்ச் சுண்ணாம்புக் காரையில் வெல்லம் சேர்த்ததும் இனிப்புதான், ஆனால் அங்கே வேலை வேறு: சுவர் உறுதிப்பட.)

டிரம் கல்லாகிவிட்டால்? சொல்லவே கஷ்டமாக இருக்கிறது. மனிதன் உள்ளே இறங்கி, உடைக்கும் சுத்தியலால் செதுக்க வேண்டும். மூடிய இரும்பு வயிற்றுக்குள் சத்தம், வெப்பம், நுரையீரலைக் கெடுக்கும் சிலிக்காத் தூசி. 2016-இல் வகுத்த அமெரிக்க விதி, எட்டு மணி நேர வேலைக்கு ஒரு கன மீட்டர் காற்றில் 50 மைக்ரோகிராம் சிலிக்காவுக்கு மேல் இருக்கக்கூடாது என்கிறது. 0.3 மைக்ரான் துகளில் 99.97 சதவீதத்தைப் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி வேக்குவம்கள் இங்கே உயிர்காக்கும் கருவி. அன்றன்றே ஒழுங்காகக் கழுவியிருந்தால் அந்த மனிதன் உள்ளே இறங்கியிருக்கவே வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும்.

பம்ப் லாரியின் நீண்ட குழாயைச் சுத்தம் செய்வதும் வேக்குவம்தான், தெரியுமா? குழாயின் நுனியில் ஒரு ஸ்பாஞ்சு பந்தைத் திணித்து, பம்பைப் பின்னோக்கி ஓட்டுவார்கள். உள்ளே வெற்றிடம் உண்டாக, வெளிக்காற்று பந்தைத் தள்ள, அது முழுக் குழாயையும் துடைத்துக்கொண்டு ஹாப்பரில் வந்து விழும்! அழுத்தக் காற்றால் ஊதித் தள்ளும் முறையும் உண்டு. ஆனால் அதில் பந்து குண்டாகப் பாயலாம், ஹோஸ் சாட்டையாகச் சுழன்று ஆளை அடிக்கலாம்.

கடைசியாக, உறிஞ்சிய தண்ணீரை என்ன செய்கிறார்கள்? அமிலம் ஊற்றிக் காரத்தைக் கொல்லலாம், ஆனால் கொஞ்சம் கை தவறினால் மறுபக்கம் போய் அமிலநீராகிவிடும். அதைவிடச் சாமர்த்தியம் கார்பன் டை ஆக்சைடு வாயு. குமிழிகளாக விட்டால் சுண்ணாம்போடு சேர்ந்து கால்சியம் கார்பனேட்டாக, அதாவது சுண்ணாம்புக்கல் தூளாகப் படியும். கொஞ்சம் கூடிப்போனாலும் பி.எச். தலைகுப்புற விழாது. இன்னும் சில ஆலைகள் அந்த நீரை மறுநாள் கான்கிரீட் கலக்கவே எடுத்துக்கொள்கின்றன! அமெரிக்கத் தரநிலை அமைப்பின் சி1602 என்ற ஆவணம் இதை அனுமதிக்கிறது. கலவை நீரில் கரைந்ததும் கரையாததுமான திடப்பொருள் மொத்தம் 5 சதவீதத்துக்குள் இருக்கவேண்டும் என்று வாங்குகிறவர் கேட்கலாம். தொட்டியின் அடியில் இறுகிய கட்டியை உடைத்து அரைத்து, சாலைக்கு அடியில் போடும் சல்லியாக விற்கிறார்கள்.