உங்களுக்குத் தெரியுமா? இடம் பார்த்துத்தான் இசை!

பெரிய ரொக் இசைக்குழு ஒன்று ஓர் ஊருக்கு வருமுன், அதன் ஆட்கள் வந்து முதலில் பார்ப்பது மைதானத்தை. மேடை எந்தப் பக்கம், லொறி எந்த வழி, மழை வந்தால் என்ன செய்வது? ஊவாவின் பூனாகலை போன்ற மலைத் தோட்டங்களில், ரதி–மதன் கதையை ஆடும் காமன் கூத்துக்குப் பொட்டல் தேடியவர்களுக்கும் இந்தக் கேள்விகள் புதிதல்ல. ஆடுகிற இடம் ஆட்டத்தை எப்படி மாற்றுகிறது என்று பார்ப்போமா?

● நாலு பக்கமும் சனம்

காமன் பொட்டலுக்குத் திரைச்சீலை கிடையாது. பின்பக்கம் என்றும் ஒன்று கிடையாது. சுற்றிலும் சனம் நிற்பதால் ரதியும் மதனும் ஒரு திசையை மட்டும் பார்த்து ஆட முடியாது; சுற்றிச் சுற்றித்தான் ஆடவேண்டும். உலகப் புகழ்பெற்ற யூ2 குழு 2009இல் இதே அமைப்பைக் கையில் எடுத்தது. விளையாட்டரங்கின் ஒரு முனையில் மேடை போட்டால் அதன் பின்னால் உள்ள இருக்கைகளை விற்க முடியாது. மேடையை உள்ளே தள்ளிச் சுற்றிலும் ஆட்களை அமர்த்தினால், ஒலிபெருக்கிகளை எங்கே தொங்கவிடுவது? அதற்காகத்தான் சுமார் 50 மீட்டர் உயரத்தில், நான்கு கால் ஊன்றிய இரும்புக் கூடு ஒன்றைக் கட்டினார்கள். ஒரு நகரத்தில் கச்சேரி நடக்கும்போதே அடுத்த நகரத்தில் கட்டுமானம் தொடங்கியாக வேண்டும் என்பதால் மூன்று கூடுகள் தேவைப்பட்டன. 110 கச்சேரிகள், 70 இலட்சத்துக்கும் அதிகமான டிக்கெட்டுகள்!

● வட்டம் சதுரமானபோது

பதுளையிலிருந்து ஏ5 வீதியில் இறங்கினால் செங்கலடி, அதைத் தாண்டினால் மட்டக்களப்பு. அங்கே நாட்டுக்கூத்து ஆடப்பட்ட இடம் வட்டக்களரி. விடிய விடிய ஆட்டம். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் அந்தக் கூத்தை, ஒரு பக்கம் மட்டும் திறந்த படச்சட்ட மேடைக்குக் கொண்டுவந்தார். 1962இன் ‘கர்ணன் போர்’ அந்த முயற்சிகளில் ஒன்று. மேடை மாறியதும் இரவு முழுவதும் நீண்ட கூத்து சில மணி நேரத்துக்குள் சுருங்கியது. வட்டத்தில் சுழன்ற ஆட்டக்காரர்கள் முன்னால் இருப்பவர்களை நோக்கி ஆடப் பழகினார்கள்.

● தப்புக்கு ஏன் தீ?

மலையில் பனி இறங்கினால், காமன் கூத்துக்கு அடிக்கும் தப்பு மேளத்தின் தோல் ஈரத்தை உறிஞ்சித் தொய்ந்துவிடும், சத்தமும் மந்தமாகும். தீ மூட்டிக் காய்ச்சினால் தோல் இறுகி ஒலி மறுபடியும் ‘கணீர்’ என்று வரும். ஒரு காலத்தில் விடியலில் தோட்டத் தொழிலாளரை வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்துக்கு அழைத்ததும் இந்தத் தப்புதான். மின்சாரம் இல்லாமலே எல்லா லயத்துக்கும் எட்டிய ஒலி அது.

● வெட்டவெளிக்கு ஏற்ற வாத்தியம்

மண்டபத்தில் எழும் ஒலி சுவரில் பட்டுத் திரும்பி, கொஞ்ச நேரம் தங்கும். அமெரிக்காவின் பாஸ்டன் சிம்பனி மண்டபத்தில் (1900) அது ஏறக்குறைய 2 விநாடி தங்குகிறது. இழுத்துப் பாடும் இசைக்கு அது அழகு. வேகமான தாளத்துக்குக் குழப்பம். சுவரில்லாத திறந்த வெளியிலோ ஒலி அப்படித் தங்குவதில்லை, அதனால் ஒவ்வொரு அடியும் தனித்தனியாகக் கேட்கும். ‘டோக்கிங் ஹெட்ஸ்’ ரொக் குழுவின் டேவிட் பைர்ன் 2010இல் ஆற்றிய உரையில், கட்டடங்கள்தான் இசையை வளைத்தன என்றும், வெளியில் வளர்ந்த ஆப்பிரிக்க மேளங்கள் அதற்கொரு சான்று என்றும் விளக்கினார். பொட்டலில் வளர்ந்த நம் தப்பையும் அந்தப் பட்டியலில் தாராளமாகச் சேர்க்கலாம்.

● கூச்சலில் மூழ்கிய பீட்டில்ஸ்

1965 ஆகஸ்ட் 15, நியூயோர்க் ஷே விளையாட்டரங்கம். பீட்டில்ஸைக் காண வந்தவர்கள் சுமார் 55,600 பேர். கிட்டார்களுக்கு 100 வாட் ஒலிபெருக்கிகள். குரலுக்கோ பேஸ்போல் ஆட்டத்தில் அறிவிப்புச் செய்யும் அரங்கின் சொந்த ஒலிபெருக்கிகள். இரசிகர்கள் போட்ட கூச்சலில் பாடுபவர்களுக்கே தம் பாட்டு கேட்கவில்லை. மறு ஆண்டு ஆகஸ்ட் 29இல் சான் பிரான்சிஸ்கோவில் பாடியதோடு அவர்கள் சுற்றுப்பயணத்தையே நிறுத்திவிட்டார்கள்.

● மலை திருப்பிப் பாடும்

ஒலி 20 பாகை செல்சியஸ் வெப்பநிலையில் விநாடிக்கு சுமார் 343 மீட்டர் போகும். மேடைக்கு எதிரே 170 மீட்டரில் ஒரு மலைச்சுவர் இருந்தால், எதிரொலி ஏறக்குறைய ஒரு விநாடியில் திரும்பி வரும். நிமிடத்துக்கு 120 தட்டு ஓடும் பாட்டென்றால், அது தாளத்திலேயே வந்து விழும். அதே மலை 130 மீட்டரில் இருந்தால், இரண்டு தட்டுக்கு நடுவில் வந்து தாளத்தைக் கெடுக்கும்! பெரிய மைதானங்களில் நடுவில் இன்னொரு வரிசை ஒலிபெருக்கிக் கோபுரம் நிறுத்தி, அதன் ஒலியை வேண்டுமென்றே சற்றுத் தாமதிப்பதும் இந்தக் கணக்கால்தான். 100 மீட்டருக்குத் தாமதம் ஏறக்குறைய 0.29 விநாடி.

● சரிவே கலரி

கிரேக்கத்தின் எபிடோரஸ் அரங்கு கிறிஸ்துவுக்கு முன் 4ஆம் நூற்றாண்டில் மலைச்சரிவில் அமைந்தது. அதன் சுண்ணாம்புக்கல் படிகள் தாழ்ந்த இரைச்சலை அடக்கிக் குரலைத் தெளிவாக்குகின்றன என்று 2007இல் ஆய்வாளர்கள் கண்டார்கள். நம் நாட்டில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் ‘வல’ எனப்படும் பள்ளத்து வெளியரங்கம் உண்டு. எதிரிவீர சரச்சந்திரவின் ‘சிங்ஹபாகு’ நாடகம் 1961இல் அங்கேதான் அரங்கேறியது. தேயிலை மலையில் சரிவுக்குப் பஞ்சமா? கீழே ஆட்டம், மேலே படிப்படியாய் லயங்கள்.

● உயரமும் ஒரு மேடை

‘அருச்சுனன் தபசு’ கூத்தில் அருச்சுனன் உயர்ந்த தபசு மரத்தில் ஏறுவான். நெரிசலில் பின்னால் நிற்பவர்களுக்கும் அந்தக் காட்சி தப்பாது. பெரிய கச்சேரிகளில் மேடையோரம் நிறுத்தும் இராட்சதத் திரைகளும் அதே வேலையைத்தான் செய்கின்றன.

● மேடையைச் சுமந்த குழு

1974இல் ‘கிரேட்ஃபுல் டெட்’ என்ற அமெரிக்க ரொக் குழு, ‘ஒலிச் சுவர்’ என்ற பெயரில் சுமார் 75 தொன் எடையுள்ள ஒலிபெருக்கி அமைப்பை ஊர் ஊராக ஏற்றிச் சென்றது. கட்டவும் பிரிக்கவும் நேரம் போதாததால் இரண்டு மேடைத் தொகுதிகள் மாறி மாறி முன்னால் ஓடின. செலவு தாங்கவில்லை; அந்த ஆண்டு ஒக்டோபரோடு சுவர் ஓய்ந்தது. பண்டாரவளையிலிருந்து பூனாகலை வழியாகக் கொஸ்லந்தைக்கு இறங்கும் வளைவுகளில் 12 மீட்டர் கொள்கலன் லொறி ஒன்றை ஓட்டிப் பார்த்தால், அந்தக் குழுவின் கஷ்டம் புரியும். இரயிலும் இங்கே நேராகப் போவதில்லை; தெமோதரையில் தண்டவாளம் வட்டமடித்து, தன் நிலையத்துக்கே அடியில் சுரங்கத்தில் நுழைகிறது. காமன் கூத்துக்கோ லொறியே வேண்டாம்: தப்பு தோளில், வேடம் உடம்பில், மேடை போகிற இடத்தில்.

● காற்றுக்கும் ஒரு நாட்காட்டி

வடகீழ்ப் பருவமழையின் கடுமை தணிந்த பின்புதான் ஊவா மலையில் மாசி பிறக்கும். காமன் கூத்துக்குக் கம்பம் நடுவதும் அப்போதே. ஆடி, ஆவணியில் இங்கே வறண்ட காற்று வீசும். ஊவாத் தேயிலைக்கு மணம் ஏறும் பருவம் அது. ஆனால் உயரமான மேடைக் கூரைக்கு அந்தக் காற்று ஆகாது. 2011 ஆகஸ்ட் 13இல் அமெரிக்காவின் இந்தியானாவில் திடீர்க் காற்று மேடைக் கூரையைச் சாய்த்ததில் 7 பேர் உயிரிழந்தார்கள்.

● நெரிசல் என்னும் ஆபத்து

1979 டிசம்பர் 3இல் அமெரிக்காவின் சின்சினாட்டியில் ‘த ஹூ’ குழுவின் கச்சேரிக்குக் கதவு திறக்கும் வேளை நெரிசலில் 11 பேர் இறந்தார்கள். இலக்கமிட்ட இருக்கை இல்லாமல், முந்தியவருக்கே முன்வரிசை என்ற ஏற்பாடு அதற்கு முக்கிய காரணம். 2024 பெப்ரவரி 9இல் யாழ்ப்பாணம் முற்றவெளியில் பாடகர் ஹரிஹரனின் இசை நிகழ்ச்சியிலும் கூட்டம் தடுப்புகளை உடைத்து முன்னேற, நிகழ்ச்சி இடையில் தடைப்பட்டது. வாசல் எத்தனை, எந்தப் பக்கம் என்பது பாட்டுப் பட்டியலுக்கு முன்பே முடிவாக வேண்டிய விஷயம்.

● இரவில் ஒலி ஏன் தூரம் போகிறது?

தெளிந்த இரவில் தரையோரக் காற்று முதலில் குளிர்ந்துவிடும்; மேலே உள்ள காற்று சற்றுச் சூடாக இருக்கும். அப்போது மேலே கிளம்பும் ஒலி வளைந்து கீழே இறங்கும். பள்ளத்தாக்குக்கு அப்பாலுள்ள டிவிசனில் தூங்குபவர் எழுந்து திட்டுவது இதனால்தான்! இரவு 10 மணி முதல் காலை 6 மணிவரை ஒலிபெருக்கிக்குக் கட்டுப்பாடு விதித்து இலங்கை உயர் நீதிமன்றம் 2007இல் உத்தரவிட்டதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

● தோட்டத் திருவிழாவுக்கு மேடை போடப் போகிறீர்களா?

சனம் மேட்டில் இருக்கட்டும், மேடை பள்ளத்தில். சமதரையில் ஒலிபெருக்கியைக் கீழ்நோக்கிச் சாய்ப்பார்கள். இங்கே மேல்நோக்கித் திருப்புங்கள். மழைநீர் ஓடும் கானை மறித்து மேடை போடாதீர்கள். ஜெனரேட்டரைச் சனத்துக்கு எட்டாத மறைவில், காற்றுப் போகும் பக்கமாக வையுங்கள். வெளியேற இரண்டு வழியாவது இருக்கட்டும். மேடை கட்டுமுன் பொட்டலின் நடுவில் நின்று ஒருமுறை பலமாகக் கை தட்டிப் பாருங்கள். எந்த மலை பதில் சொல்கிறது என்று தெரிந்தால், ஒலிபெருக்கியை எந்தப் பக்கம் திருப்பக் கூடாது என்பதும் தெரிந்துவிடும்.