ட்ரவுட் பிடிக்கப் போறீங்களா? காலைப் பாருங்க!

"டாக்டர், ரிட்டயர் ஆயாச்சு. ஊட்டி பக்கம் அவலாஞ்சியில் ட்ரவுட் மீன் பிடிக்கப் போகலாமா?" என்று கேட்டார் அம்பத்தூர் அன்பர் ஒருவர்.

1907-லேயே ட்ரவுட் குஞ்சுப் பொரிப்பகம் வந்த இடம் அது. இறகால் கட்டிய பொய்ப்பூச்சியை வீசிப் பிடிப்பார்கள். மீன்வளத்துறை, வனத்துறை அனுமதி கிடைக்குமா என்று முதலில் விசாரியுங்கள். ஆடி, ஆவணி வேண்டாம். 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் மழை கொட்டிய ஊர்!

ட்ரவுட் வாழ்வது குளிர்ந்த நீரில். சர்க்கரை நோயால் பாதம் மரத்தவர்களுக்குக் கல் கிழித்தாலும் தெரியாது. புண் முற்றினால் விரலையே எடுக்க நேரும். அவர்கள் ஆற்றில் இறங்காமல் கரையிலிருந்தே வீசட்டும். குளிருதேன்னு காலை நெருப்பில் காட்டாதீங்க, சூடும் உறைக்காது! ராத்திரி விரலிடுக்கு வரை துடைத்துப் பாருங்கள். சுக்குக் கஷாயம் இதம்தான். அதுக்காக மாத்திரையை நிறுத்திடாதீங்க.