ஒரே டிரைவ், இரண்டு இயங்குதளம்: கோப்புகள் ஏன் காணாமல் போகின்றன?

ஒரே மடிக்கணினியில் விண்டோஸையும் லினக்ஸையும் வைத்திருப்பவர்கள் பலர் செய்துகொள்ளும் ஏற்பாடு இது. ‘சி’ டிரைவில் விண்டோஸ், தனிப் பகுதியில் உபுண்டு லினக்ஸ், படங்களும் பாடக் குறிப்புகளும் அலுவலகக் கோப்புகளும் இரண்டுக்கும் பொதுவான ‘டி’ டிரைவில். எந்தப் பக்கம் நுழைந்தாலும் கோப்பு கைக்குக் கிடைக்கும். மாதக்கணக்கில் ஒரு குறையும் தெரியாது. பிறகு ஒருநாள் லினக்ஸில் இருந்தபோது சேமித்த ஃபோல்டர் விண்டோஸில் இருக்காது. அல்லது பெயர் மட்டும் நிற்கும். திறந்தால், கோப்பு சிதைந்துவிட்டது, படிக்க முடியவில்லை என்று செய்தி வரும். அடுத்த முறை கணினியைப் போட்டதும் கறுப்புத் திரையில் விண்டோஸின் வட்டுச் சோதனைக் கருவியான செக்டிஸ்க் தானாக ஓடி, கணக்கில் பொருந்தாத பதிவுகளை வரிசையாக அழிக்கும். அது ஓய்ந்தபின் ‘ஃபவுண்ட்.000’ என்ற மறைவான ஃபோல்டரில் பெயரிழந்த துண்டுகள் சில கிடக்கலாம்.

ஹார்டு டிஸ்க் போய்விட்டது என்று சிலர் முடிவு கட்டுகிறார்கள். லினக்ஸை ஏற்றியதுதான் தப்பு என்கிறார்கள் வேறு சிலர். பெரும்பாலான சமயங்களில் இரண்டுமே காரணம் இல்லை. விண்டோஸில் ‘ஷட் டவுன்’ கொடுத்தால் அது முழுதாக மூடுவதில்லை என்பதுதான் விஷயம்.

2012இல் வந்த விண்டோஸ் 8இல் மைக்ரோசாஃப்ட் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்ற வசதியைச் சேர்த்தது. 10, 11 பதிப்புகளிலும் அது தொடர்கிறது. நாம் கேட்காமலே இயக்கத்தில் இருக்கும். ஷட் டவுன் கொடுத்ததும் நாம் திறந்து வைத்த செயலிகள் மூடப்படும். இயங்குதளத்தின் உட்கருவான கெர்னலோ மூடப்படுவதில்லை. அதன் நினைவகத்தில் இருப்பது அப்படியே ‘சி’ டிரைவில் ஹைபர்ஃபில் என்ற கோப்பில் எழுதி வைக்கப்படும். மறுநாள் அந்தப் பழைய நினைவைத் திரும்ப ஏற்றிக்கொண்டு எழுவதால்தான் விண்டோஸ் அத்தனை விரைவாகத் தொடங்குகிறது. விண்டோஸ் 7இல் இந்த ஏற்பாடு கிடையாது. 2011 முதல் தமிழ்நாடு அரசு மாணவர்களுக்குத் தந்த மடிக்கணினிகளில் விண்டோஸும் சென்னை சி-டாக் நிறுவனத்தின் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தன. விண்டோஸ் 7 காலத்தில் இப்படி இரண்டையும் ஒன்றாகப் பழகியவர்களுக்கு, பழைய வழக்கம் புதிய விண்டோஸில் ஏன் ஆபத்தாகிறது என்பது புரிவதில்லை.

சேதம் எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். ‘டி’ டிரைவ் பொதுவாக என்டிஎஃப்எஸ் வடிவத்தில் இருக்கும். அதில் ஒவ்வொரு கோப்புக்கும் ‘மாஸ்டர் ஃபைல் டேபிள்’ என்ற அட்டவணையில் ஒரு பதிவு உண்டு. வழக்கமாக ஒரு பதிவு 1 கிலோபைட். வட்டில் எந்த இடம் காலி, எது நிரம்பியது என்பதற்கு ஒரு பிட்மேப் தனியாக இருக்கிறது. வேகத்துக்காக விண்டோஸ் இவற்றின் பகுதிகளை நினைவகத்திலேயே வைத்திருக்கும். இப்போது லினக்ஸ் எழுந்து, காலியாக இருக்கும் ஒரு பதிவில் உங்கள் புதிய கோப்பை எழுதுகிறது, பிட்மேப்பையும் திருத்துகிறது. வட்டில் எல்லாம் சரியாகவே இருக்கிறது. பிறகு விண்டோஸ் கண் விழிக்கிறது. தான் மூடப்படவே இல்லை என்பது அதன் எண்ணம். ஆகவே வட்டைப் புதிதாகப் படித்துப் பார்ப்பதில்லை. அதன் நினைவில் அந்தப் பதிவும் அந்த இடமும் இன்னும் காலி. அங்கேயே தன் கோப்பை எழுதுகிறது, அல்லது பழைய ஃபோல்டர் பட்டியலைப் புதியதன் மேல் எழுதிவிடுகிறது. ஒரே பேரேட்டில் இரண்டு கணக்கர்கள் எழுதும்போது, ஒருவர் மட்டும் ஏட்டைப் பிரித்துப் பார்க்காமல் நேற்றைய ஞாபகத்திலிருந்தே வரவு வைத்தால் என்ன ஆகுமோ அதுதான் இது.

இந்த இழப்பு எப்போதாவது மட்டும் நேர்வதற்கும் விளக்கம் உண்டு. ‘ரீஸ்டார்ட்’ கொடுத்தால் விண்டோஸ் முழுதாக மூடித் திறக்கிறது. அப்படி மாறி லினக்ஸுக்குள் போகிறவருக்குப் பாதிப்பில்லை. இரவு ஷட் டவுன் கொடுத்துவிட்டு மறுநாள் நேரே லினக்ஸில் நுழைந்து எழுதுகிறவர்தான் மாட்டிக்கொள்கிறார். லினக்ஸை ஹைபர்னேட் செய்துவிட்டு விண்டோஸில் எழுதினாலும் இதே கதைதான்.

லினக்ஸ் எச்சரிக்காமல் இல்லை. என்டிஎஃப்எஸ் டிரைவை லினக்ஸில் படிக்கவும் எழுதவும் உதவும், 2007இல் நிலையான பதிப்பாக வெளிவந்த என்டிஎஃப்எஸ்-3ஜி டிரைவர், விண்டோஸ் உறங்கிக்கொண்டிருப்பதைக் கண்டால் டிரைவைத் திறக்க மறுக்கும், அல்லது படிக்க மட்டும் விடும். சேமிக்க முடியவில்லையே என்ற அவசரத்தில் பலர் ‘என்டிஎஃப்எஸ்ஃபிக்ஸ்’ கட்டளையை ஓட்டி அந்தத் தடையை நீக்கிவிடுகிறார்கள். அது செக்டிஸ்க்குக்கு மாற்று அல்ல. சில அடிப்படைப் பிழைகளைச் சரிசெய்து, எச்சரிக்கை அடையாளத்தை அழிக்கும், அவ்வளவே. விண்டோஸ் நினைவில் இருக்கும் பழைய பட்டியல் அப்படியே இருக்கும். படிக்க மட்டும் என்று டிரைவ் திறந்தால், வெளியேறி விண்டோஸுக்குப் போய் ரீஸ்டார்ட் கொடுத்து வருவதுதான் சரியான வழி.

நிரந்தரமாகத் தீர்க்க, விண்டோஸ் கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் திறந்து, பவர் பட்டன் என்ன செய்ய வேண்டும் என்று தேர்வு செய்யும் பக்கத்துக்குப் போங்கள். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் கட்டம் மங்கலாகத் தெரியும். மேலே இருக்கும், தற்போது மாற்ற முடியாத அமைப்புகளை மாற்றுவதற்கான இணைப்பைச் சொடுக்கினால் அது உயிர் பெறும். டிக்கை எடுத்துவிட்டுச் சேமியுங்கள். விண்டோஸ் தொடங்கச் சில நொடிகள் கூடும். எஸ்எஸ்டி உள்ள கணினியில் அது பெரிதாகத் தெரியாது. பெரிய அப்டேட் வந்தபின் அந்தக் கட்டத்தை மறுபடி ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

‘டி’ டிரைவை என்டிஎஃப்எஸிலிருந்து எக்ஸ்ஃபேட் வடிவத்துக்கு மாற்றினால் தப்பிக்கலாம் என்ற யோசனையை நான் ஏற்கவில்லை. உறங்கும் விண்டோஸின் பழைய நினைவு அங்கேயும் அதே வேலையைச் செய்யும். மேலும் செய்யப்போகும் மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் ஜர்னல் எக்ஸ்ஃபேட்டில் கிடையாது. எழுதும்போது மின்சாரம் போனால் என்டிஎஃப்எஸ் அளவுக்குத் தாங்காது. கோப்புப் பெயர்களிலும் கவனம் வேண்டும். ‘கடிதம்: இறுதி’ என்று முக்காற்புள்ளி போட்டு லினக்ஸில் வைத்த பெயரை விண்டோஸ் ஏற்காது, கோப்பு வட்டில் இருந்தும் அங்கே திறக்க முடியாமல் போகலாம்.

ஏற்கெனவே கோப்பு போய்விட்டது என்றால், அந்த டிரைவில் ஒரு எழுத்துகூட எழுதாதீர்கள். செக்டிஸ்க் ஓடத் தொடங்கும் முன் ஒரு விசையை அழுத்தித் தவிர்க்கச் சில நொடி அவகாசம் தரும், தவிர்த்துவிடுங்கள். லைவ் யுஎஸ்பியில் இருந்து கணினியைத் தொடங்கி, முழுப் பகுதியையும் வேறொரு டிஸ்க்கில் படியெடுத்து, அந்தப் படியின் மேல் டெஸ்ட்டிஸ்க் என்ற மீட்புச் செயலியை ஓட்டிப் பாருங்கள். அது கைவிட்டால் ஃபோட்டோரெக் இருக்கிறது. அது கோப்பின் உள்ளடக்கத்தைத் தேடி எடுக்கும். பெயரும் ஃபோல்டரும் திரும்பாது. எஸ்எஸ்டியில் அழிந்த இடங்களை ட்ரிம் என்ற கட்டளை துடைத்துவிடும் என்பதால் அங்கே மீட்கும் வாய்ப்பு குறைவு.

பொது டிரைவ் வசதிக்காக வைத்திருப்பது. அது காப்புப் பிரதி ஆகாது. குழந்தையின் படங்களும் ஆய்வேடும் அதில் மட்டும் இருந்தால், இன்றே வேறொரு டிஸ்க்கில் ஒரு படி எடுத்து வைத்துவிட்டு, ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்துவிடுங்கள்.