புற்றுநோய்ச் சிகிச்சையில் மருந்தளவைக் கணிக்கும் கணிதம்

கோலார் தங்கவயலின் கோரமண்டல் முதலிய குடியிருப்புகளில் பணிபுரியும் சுகாதார ஊழியர்களுக்கு பி.சி.ஜி. புதிதன்று. சுரங்கத் தூசியால் நலிந்த நுரையீரலைக் காசநோய் எளிதிற் பற்றும் என்பதையும் அவர்கள் நன்கறிவர். காசநோயைத் தடுக்கக் குழந்தைகளுக்கு இடப்படும் அதே பி.சி.ஜி., மூத்திரப்பையின் உட்பரப்பில் தோன்றும் புற்றுநோய்க்கும் மருந்தாகிறது. வலியின்றிச் சிறுநீரில் இரத்தம் காணப்படுவது இந்நோயின் முக்கிய அறிகுறியாகும்.

1976-ஆம் ஆண்டு கனடா நாட்டு மருத்துவர் மொராலஸும் அவர்தம் துணைவரும் 9 நோயாளிகளுக்கு இச்சிகிச்சை செய்த முடிவுகளை வெளியிட்டனர். வாரம் ஒருமுறையாக 6 வாரம் மருந்து மூத்திரப்பையினுள் செலுத்தப்பட்டது. ஏன் ஆறு? மருந்து 6 குப்பிகள் அடங்கிய பெட்டியாக வந்தது என்பதே காரணம் என்பர்! ஆயினும் அம்முறையே இன்றும் தொடக்கச் சிகிச்சையாக வழங்குகிறது.

இவ்வெண் எல்லார்க்கும் பொருந்துமா? ஆசிரியர்கள் இதனைக் கரும்பலகையிலேயே ஆராயலாம். தொடக்கத்தில் 1,000 புற்றணுக்கள் உள்ளன எனக் கொள்வோம். அவை வாரந்தோறும் இருமடங்காகப் பெருகுகின்றன. ஒவ்வொரு மருந்தும் நூற்றுக்கு 60 வீதம் அழிக்கிறது. ஆகவே வாரந்தோறும் தொகை 0.8 மடங்காகும், ஆறாம் வார முடிவில் ஏறத்தாழ 262 எஞ்சும். மும்மடங்காகப் பெருகும் புற்றாயின் வாரந்தோறும் 1.2 மடங்காகி, தொகை 2,986 ஆகிவிடும். மருந்து ஒன்றே, விளைவோ நேர்மாறு.

உண்மையில் அழிவு வீதம் இவ்வாறு நிலையாக இராது. பி.சி.ஜி. பெரும்பாலும் தானே புற்றைக் கொல்வதில்லை. உடலின் காவல் அணுக்களைத் தூண்டி அவற்றைக் கொண்டே கொல்விக்கிறது. அக்காவல் அணுக்களோ நாளுக்கு நாள் கூடிக் குறைகின்றன. எனவே 2007-இல் புனிமோவிச்-மெண்ட்ராசிட்ஸ்கி முதலிய ஆராய்ச்சியாளர்கள் நான்கு வகைக்கெழுச் சமன்பாடுகளை அமைத்தனர். மருந்துக் கிருமிகள், காவல் அணுக்கள், கிருமி புகுந்த புற்றணுக்கள், புகாத புற்றணுக்கள் என்னும் நான்கின் ஏற்றத்தாழ்வையும் கணிப்பொறி ஒருங்கே தொடர்ந்து கணக்கிடுகிறது. மருந்து குறைந்தால் புற்று எஞ்சும். மிகுந்தால் தூண்டப்பட்ட காவல் அணுக்களே அளவிறந்து பெருகி நோயாளிக்குத் தீங்கு செய்யும். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட அளவு, புற்று வளரும் வேகத்தைப் பொறுத்தது.

ஆயினும் சமன்பாட்டிற் புகுத்தும் வளர்ச்சி வீதத்தை நோயாளியின் உடலில் அளப்பது எளிதன்று. பல எண்கள் ஆய்வுக்கூடச் சோதனைகளிலிருந்தே பெறப்பட்டவை. ஆகையால் மருத்துவர் இக்கணக்கை மட்டும் நம்பி மருந்தளவை மாற்றுவதில்லை. ஊழியர்கள் கருத வேண்டியது பிறிதொன்றும் உண்டு: இச்சிகிச்சைக்குரிய அளவு, குழந்தைக்கு இடும் அளவினும் பல நூறு மடங்கு மிகுதி. தடுப்பூசிக் குப்பி இதற்கு உதவாது.