சிறுநீரகக் கட்டி அறுவை சிகிச்சையும் உடல் எடையும்

சிறுநீரகத்தில் கட்டி இருப்பதாக ஸ்கேன் அறிக்கை வந்ததும், எருமப்பட்டிச் சுற்றுவட்டாரத்துக் குடும்பங்களில் இருவகை மாற்றங்களைக் காண்கிறோம். நோயாளி பருமனானவர் எனில், “எடையைக் குறைத்துக்கொண்டு அறுவை சிகிச்சைக்குப் போகலாம்” என்று இரவு உணவையே நிறுத்திவிடுகின்றனர். மெலிந்தவர் எனில், “உடம்பில் கொழுப்பே இல்லை, ஒன்றும் ஆகாது” என்று நிம்மதி கொள்கின்றனர். இரண்டுமே எங்களுக்குக் கவலை அளிப்பவை.

உடல் பருமன், சிறுநீரகப் புற்றுநோய் உண்டாவதற்கான காரணிகளுள் ஒன்று என்பது நிறுவப்பட்ட உண்மை. அறுவை சிகிச்சையின்போது அது விளைவிக்கும் இடர் வேறு வகையானது. அதனையே இங்கு விளக்குகிறோம்.

கிலோகிராமில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தால் இருமுறை வகுத்தால் கிடைப்பது பி.எம்.ஐ. எனப்படும் உடல் நிறை குறியீட்டெண். 165 செ.மீ. உயரமும் 70 கிலோ எடையும் உள்ளவருக்கு அது ஏறத்தாழ 25.7. பன்னாட்டு அளவுகோலின்படி இது கூடுதல் எடை மட்டுமே. இந்தியர்க்கான அளவுகோலில் 25-ஐ எட்டினாலே பருமன். ஒரே எடையில் நம்மவர்க்கு வயிற்றுக் கொழுப்பு மிகுதி என்பதே இவ்வேறுபாட்டுக்குக் காரணம். ஆகவே வயிற்றுச் சுற்றளவையும் அளக்கிறோம். ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்பவை வரம்புகள்.

எனினும் அறுவை மருத்துவர் கத்தியை எடுத்தபின் எதிர்கொள்வது எடை இயந்திரத்தின் எண்ணை அன்று. சிறுநீரகம் கொழுப்பு உறைக்குள் பொதிந்து கிடக்கும் உறுப்பு. சிலருக்கு அக்கொழுப்பு வெண்ணெய்போல் எளிதில் விலகும். வேறு சிலருக்கோ, குறிப்பாக ஆண்களுக்கு, சிறுநீரகத்தின் மேற்பரப்போடு ஒட்டி இறுகியிருக்கும். கட்டியை மட்டும் அகற்றிச் சிறுநீரகத்தைக் காக்கும் சிகிச்சையில், இரத்தக் குழாயைத் தற்காலிகமாக அடைத்துவிட்டு, பொதுவாக 25 முதல் 30 நிமிடங்களுக்குள் பணியை முடிக்க விரும்புவோம். ஒட்டிய கொழுப்பைப் பிரிப்பதற்கு நேரம் கூடும். இரத்த இழப்பும் கூடலாம். அமெரிக்காவின் மேயோ மருத்துவமனை மருத்துவர்கள் 2014-ஆம் ஆண்டு, சி.டி. ஸ்கேனில் தெரியும் கொழுப்பின் தடிப்பையும் அதனுள் ஓடும் இழைகளையும் கொண்டு 0 முதல் 5 வரை மதிப்பெண் இடும் முறையை வெளியிட்டனர். எடை மிகுந்தவருக்குக் குறைந்த மதிப்பெண்ணும், நடுத்தர உடல்வாகு உள்ளவருக்கு உயர்ந்த மதிப்பெண்ணும் வருவது உண்டு.

பருமனால் வரும் பிற இடர்களும் உள. நோயாளியைப் பக்கவாட்டில் கிடத்திச் செய்யும் சிகிச்சை ஆதலால், மயக்கநிலையில் நுரையீரல் விரிவது கடினமாகும். அடியில் அழுந்தும் தசைகளும் பாதிக்கப்படலாம். பின்னர் தையலிட்ட இடத்தில் சீழ் பிடித்தல், கால் நரம்புகளில் இரத்தம் உறைதல், நாள்பட்டுத் தழும்பின் வழியே குடல் பிதுங்குதல் ஆகியவற்றுக்கும் வாய்ப்பு கூடுதல். பெரிய காயத்தைத் தவிர்க்கும் லேப்பராஸ்கோப்பி முறையால் இத்தகையோர் கூடுதல் பயன் அடைகின்றனர். அறுவை சிகிச்சைக்கு மறுநாளே நடக்கச் சொல்வதும், உறைவு தடுக்கும் ஊசி இடுவதும் இதனாற்றான். வலிக்கிறதே என்று இரக்கப்பட்டு உறவினர் படுக்க வைத்துவிட வேண்டாம்.

மெலிந்தவர்பால் வருவோம். பசியின்மையாலோ நோயினாலோ எடை இழந்தவருக்குத் தசையும் புரதமும் குறைந்திருக்கும்; இரத்தத்தில் ஆல்புமின் தாழ்ந்திருக்கும். புண் ஆறுவது தாமதமாகும். தொற்றை எதிர்க்கும் வலு குன்றும். சில நோயாளிகளுக்கு நாங்கள் அஞ்சுவது அதிக எடையை விட இதனையே.

அதனால்தான் பட்டினியை எதிர்க்கிறோம். சில வாரப் பட்டினியில் கொழுப்போடு தசையும் கரையும். ‘கிட்னி வியாதி’ என்றதும் முட்டை, பருப்பு, பால் அனைத்தையும் விலக்கும் வழக்கமும் இங்குண்டு. முட்டைக்குப் பெயர்பெற்ற நாமக்கல் மாவட்டத்தில், ஏறத்தாழ 6 கிராம் புரதம் தரும் ஒரு முட்டையை நோயாளிக்கு மறுப்பது விந்தையே. சிறுநீரகங்களின் செயல்திறன் இயல்பாக உள்ளவருக்குக் கட்டி இருப்பதாலேயே இக்கட்டுப்பாடு தேவைப்படாது. கிரியேட்டினின் உயர்ந்திருந்தால் மட்டும் புரத அளவை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்க.

எடை குறைப்பதற்காகக் காத்திருக்கலாமா? 4 செ.மீ.க்குக் குறைந்த கட்டிகள் பெரும்பாலும் மெதுவாக வளர்பவை. சர்க்கரையைக் கட்டுப்படுத்தவும், நடைப்பயிற்சியால் மூச்சுத்திறனைக் கூட்டவும், புகையை நிறுத்தவும் சில வாரங்கள் கிடைக்கலாம். பெரிய கட்டி, இரத்தக் குழாய்க்குள் பரவிய கட்டி, சிறுநீரில் தொடர்ந்து இரத்தம் வருதல் ஆகிய நிலைகளில் எடையைக் காரணம் காட்டித் தள்ளிப்போடுவது தகாது. அந்த முடிவு ஸ்கேனைப் பார்த்து எடுக்கவேண்டியது. வீட்டில் எடுக்கவேண்டியது அன்று.

மயக்க மருத்துவரைச் சந்திக்க வரும்போது, நோயாளியோடு ஒரே அறையில் உறங்குபவரும் உடன் வருவது நல்லது. உரத்த குறட்டையும், உறக்கத்தின் நடுவே மூச்சு நின்று மீள்வதும் நோயாளிக்குத் தெரியாது. அருகில் இருப்பவருக்கே தெரியும். எடை குறைக்கும் ஊசி போட்டுக்கொள்பவர்கள் கடைசியாகப் போட்ட நாளை மறவாமல் கூறுக. அவ்வூசியால் இரைப்பை காலியாவது தாமதப்படும். மயக்கத்தின்போது உணவு மூச்சுக்குழாய்க்குள் செல்லும் ஆபத்து உண்டு. கடந்த ஆறு மாதங்களில் எடை தானாகக் குறைந்திருந்தால், எத்தனை கிலோ என்பதையும் குறித்துக்கொண்டு வாருங்கள்.